ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்த பிள்ளைக்கு டபுள் பேஸ் வாங்கப் போகிறீர்களா?

தேர்வாய் கண்டிகை என்றால் சிப்காட், மிச்செலின் டயர் தொழிற்சாலை, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் இவைதான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். வேலைக்காக இங்கே வந்து தங்கிய குடும்பங்களில் பிள்ளைகளை மேற்கத்திய இசை படிக்க அனுப்புகிறவர்களும் உண்டு. சென்னை பக்கத்தில்தான் இருக்கிறது. ஏ. ஆர். ரகுமான் 2008-ல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரியும், வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தரும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அங்கேதான். இப்படி ஏதாவது ஒரு மாணவர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்த பிள்ளையிடம், "நீ டபுள் பேஸ் எடுத்துக்கோ" என்று மாஸ்டர் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோரும் திகைத்துப் போகிறார்கள். ஆறடி உயர வாத்தியத்தை எங்கே வாங்குவது, எதில் கொண்டுவருவது, எந்த மூலையில் வைப்பது? அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதல் ஆறு மாதம் வாங்கவே வேண்டாம். வயலின் வகுப்பில் ஆளுக்கொரு வயலின் தேவைப்படும். பேஸ் வாசிக்கிறவர்கள் ஒரு குழுவில் இரண்டு மூன்று பேர்தான் என்பதால், வகுப்பில் இருக்கும் பேஸ் பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கும். வகுப்பு நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அதிலேயே பயிற்சி செய்ய அனுமதி கேளுங்கள். வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்ட்ரிங் அறுந்தால் யார் செலவு, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜ் உடைந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பார்த்து விலை பேசாதீர்கள். டபுள் பேஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து வாசித்தால் வரும் சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. போனில் நாம் கேட்பது மேல் ஒலிகளை மட்டும்தான், அடி நாதம் வரவே வராது. நல்ல பேஸும் மட்டமான பேஸும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். நேரில் போங்கள். மாஸ்டரையோ, அவர் கைகாட்டும் பெரிய மாணவரையோ அழைத்துப் போங்கள். அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். வாசிப்பவர் காதில் விழுவது வேறு, அரங்கத்துக்குப் போவது வேறு.

3. கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையின் காதைத் தயார் செய்யுங்கள். பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் நான்காம் பகுதியின் தொடக்கத்தில் செல்லோக்களும் டபுள் பேஸ்களும் சேர்ந்து பேசுவதுபோல் வரும் இடம், மாலரின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதியைத் தனியாகத் தொடங்கி வைக்கும் டபுள் பேஸ், சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் யானைக்கான பகுதி. மூன்றையும் நல்ல ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள். "பின்னால் நின்று ஊம் ஊம் என்று வாசிக்கிற வாத்தியம்" என்று நினைத்திருந்த பிள்ளையின் முகம் மாறும்.

4. சைஸ்தான் முக்கியம், இதில் சமரசமே கூடாது. கால், அரை, முக்கால், முழு என்று பேஸ் பல அளவுகளில் வருகிறது. இதில் பலர் தடுமாறுகிறார்கள். முக்கால் சைஸ் என்றால் சிறுவர்களுக்கானது என்று எண்ணி, "வளர்கிற பிள்ளைதானே, முழு சைஸே வாங்கிவிடலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். உலகத்தின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களிலும் பெரும்பாலான பெரியவர்கள் வாசிப்பது முக்கால் சைஸ்தான். முழு சைஸ் உங்களுக்குத் தேவையே இல்லை.

வளர்ந்த பிறகும் உதவும் என்று பள்ளிச் சீருடையைத் தளர்வாகத் தைப்பதுபோல் பேஸை எடுக்கக் கூடாது. கைக்கு எட்டாத பேஸில் பழகும் பிள்ளையின் இடது மணிக்கட்டு வளையும், தோள் ஏறும், விரல்கள் சுருதி தவறி விழும். பிறகு அதைத் திருத்த ஒரு வருஷம் ஆகும். எனவே அளந்து பார்த்து வாங்குங்கள். முக்கால் சைஸில் ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம் சுமார் 105 செ.மீ. அதில் கழுத்தின் மேல் பக்கம் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஒரு முழு ஸ்வர தூரம் பிடிக்கக் கை ஏறக்குறைய 11 செ.மீ. விரிய வேண்டும். அரை சைஸில் 10 செ.மீ. போதும், கால் சைஸில் 9 செ.மீ.க்குச் சற்று மேல். வீட்டிலேயே பிள்ளையின் இடது கையை மேஜை மேல் இயல்பாக விரிக்கச் சொல்லி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வலிக்க வலிக்க இழுத்து விரித்தால் வரும் அளவு கணக்கில் சேராது.

கடையில் இன்னும் இரண்டு சோதனை. பேஸை நிமிர்த்தி, அடியில் தரையில் ஊன்றும் எண்ட் பின்னை இழுத்துச் சரிசெய்து நிற்கவைத்தால், விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃபிங்கர் போர்டின் மேல் முனை பிள்ளையின் புருவம், நெற்றி உயரத்தில் இருக்க வேண்டும். வலது கையைத் தொங்கவிட்டால் வில், பிரிட்ஜுக்கும் ஃபிங்கர் போர்டு முடியும் இடத்துக்கும் நடுவே தானாக விழ வேண்டும். குனிந்துதான் எட்டுகிறது என்றால் அந்த பேஸ் பிள்ளைக்குப் பெரியது. ஒரு கம்பெனியின் அரை சைஸும் இன்னொரு கம்பெனியின் அரை சைஸும் ஒரே அளவில் இருக்காது. லேபிளை நம்பாமல் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

5. மரத்தைப் பொறுத்தவரை மூன்று வகை உண்டு. முழுக்க ப்ளைவுட், முன்பலகை மட்டும் செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரமும் மற்றது ப்ளைவுட்டுமாகச் செய்தது, முழுக்கச் செதுக்கிய மரம். நாதத்தில் கடைசி வகைதான் உயர்ந்தது. விலையும் அப்படியே. ஆனால் நம் பக்கத்து வானிலைக்கு நான் சொல்வது முதல் இரண்டு வகைகளைத்தான். வங்கக் கடல் பக்கம், போதாக்குறைக்கு ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. கத்திரியில் ஷீட் கூரை வீடு அடுப்பாகிறது. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஒற்றைப் பலகையாகச் செதுக்கிய மரம் இந்த ஆட்டத்தில் நார் வழியே பிளந்துவிடும். ப்ளைவுட்டில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது தாங்கும். ஐந்தாம் கிரேடு வரை ப்ளைவுட் தாராளமாகப் போதும். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். இரண்டிலும் டபுள் பேஸுக்குத் தனியாக கிரேடு தேர்வுகள் உண்டு. அவற்றில் மதிப்பெண் வாசிப்புக்குத்தான், பலகைக்கு இல்லை. மேல் கிரேடு, கல்லூரி நுழைவு என்று பேச்சு வரும்போது இரண்டாம் வகையைப் பார்க்கலாம்.

6. பழைய பேஸ் கிடைக்கிறதா? பயப்படாமல் போய்ப் பாருங்கள், ஆனால் கையில் டார்ச் இருக்கட்டும். பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கழுத்து உடலோடு சேரும் இடம். அங்கே விரிசலோ, ஒட்டிய தழும்போ தெரிந்தால் பேரமே பேச வேண்டாம். நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுக்கும், அத்தனையும் விழுவது அந்த மூட்டில்தான். அடுத்து, முன்பலகையிலுள்ள எஃப் வடிவத் துளை வழியே செல்போன் டார்ச்சை உள்ளே அடியுங்கள். பிரிட்ஜின் ஜி ஸ்ட்ரிங் பக்கக் காலுக்குச் சற்றுக் கீழே, முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு மரக்குச்சி நேராக நிற்க வேண்டும். அதுதான் சவுண்ட் போஸ்ட். சாய்ந்திருந்தாலோ, கீழே விழுந்து உருண்டு கிடந்தாலோ அதை நிறுத்தத் தெரிந்தவரின் கூலியை விலையில் கழியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பெரிய பெயர் போட்ட லேபிள் தெரிந்தால் அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். லேபிள் யாரும் அச்சடிக்கலாம்.

பிறகு விரல் முட்டியால் ஓரம் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது 'ஜிர்' என்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. இது பெரிய குறை அல்ல, மலிவாகச் சரியாகும். அடிப்பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் துளைகளும் கீழே மாவுபோல் மரத்தூளும் இருந்தால் மரம் உளுத்திருக்கிறது. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், மர பீரோவையும் கட்டிலையும் சேர்த்துத் தின்னும். ஈரமான வெள்ளைத் துணியால் ஃபிங்கர் போர்டைத் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது கருங்காலி அல்ல, சாயம் பூசிய சாதாரண மரம். சாயம் பூசியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, கருங்காலி விலை மட்டும் கொடுக்காதீர்கள். கடைசியாக முறுக்கும் சாவிகள். சுருதி சேர்த்து வைத்துவிட்டு டீ குடித்து வந்து மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் சாவி நழுவுகிறது.

7. புதிய பேஸ் பெட்டியிலிருந்து வந்ததும் வாசிக்கத் தயாராக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரிட்ஜை முன்பலகையின் வளைவுக்குப் பொருந்தச் செதுக்கி, சவுண்ட் போஸ்ட்டை இடம் பார்த்து நிறுத்தி, ஸ்ட்ரிங்கின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைத்தான் 'செட்டப்' என்கிறார்கள். ஃபிங்கர் போர்டு முடியும் இடத்தில் ஸ்ட்ரிங்குக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்ட மாணவர் பேஸில் மெல்லிய ஜி பக்கம் 5 முதல் 7 மி.மீ., தடித்த ஈ பக்கம் 8 முதல் 10 மி.மீ. இருந்தால் கைக்கு இதம். இதைவிட உயரமாக இருந்தால் அரை மணி நேரத்தில் பிள்ளையின் விரல் நுனி சிவந்து, "எனக்கு இது வராதும்மா" என்று வந்து நிற்கும். பிள்ளைகள் பேஸை விட்டுவிடுவதற்குப் பாதிக் காரணம் இந்த மில்லிமீட்டர்தான் என்பது என் உறுதியான எண்ணம். பிரிட்ஜின் கால்களில் திருகு வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் பலகை உப்பி ஸ்ட்ரிங் உயரும்போது நீங்களே திருகி இறக்கலாம்.

8. மொத்தத் தொகையையும் பேஸுக்கே கொட்டிவிடாதீர்கள். கையில் இருப்பதில் கால் பங்கை ஒதுக்கி வையுங்கள். செட்டப், வில், வில்லில் தடவும் ரோசின், உறை, வண்டிக் கூலி எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். நல்ல ஸ்ட்ரிங் ஒரு செட்டே ஐந்து இலக்கத்துக்குப் போகும். வெளிநாட்டு இணையதளத்தில் விலை குறைவாகத் தெரிந்தால் மயங்காதீர்கள். இந்தப் பருமனுக்குக் கப்பல், விமானக் கட்டணமே மலைக்க வைக்கும், அதன்மேல் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் சேரும். வழியில் உடைந்தால் வழக்காட முடியாது. 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கி இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில், இருப்பில் இல்லாவிட்டாலும் வரவழைத்துத் தருவார்களா என்று முதலில் விசாரியுங்கள். சைஸ் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

9. வில்லில் பிரெஞ்சு, ஜெர்மன் என்று இரண்டு வகை. பிடிக்கும் முறையே வேறு. பிரெஞ்சு வில்லை மேலிருந்து பிடிப்பார்கள், ஜெர்மன் வில்லைக் கீழிருந்து உள்ளங்கைக்குள் பிடிப்பார்கள். எது உயர்ந்தது என்ற சண்டை நமக்கு வேண்டாம், மாஸ்டர் எதைச் சொல்லித்தருகிறாரோ அதை வாங்குங்கள். நம் ஈரத்துக்கும் பிள்ளைகளின் கைக்கும் கார்பன் ஃபைபர் வில் தோது, வளையாது. வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்த வேண்டும். இதை மட்டும் தினமும் கேளுங்கள்: "வில்லைத் தளர்த்தினாயா?" நெடுநாள் இருட்டுப் பெட்டிக்குள் மூடி வைத்தால் குதிரை முடியைப் பூச்சி தின்றுவிடும்.

10. வயலின் ரோசின் பேஸுக்கு உதவாது. பேஸ் ரோசின் மிருதுவானது, பிசுபிசுப்பும் அதிகம். மிக மிருதுவான வகைகள் குளிர் நாட்டுக்குச் செய்தவை. நம் மே மாத வெயிலில் உருகி டப்பாவை விட்டு வழிந்து, உறையோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான வகையாகக் கேளுங்கள். டப்பாவை எப்போதும் படுக்கை வாட்டில், நிழலில் வையுங்கள்.

11. ஸ்ட்ரிங் மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். இழுவை போனதும் சவுண்ட் போஸ்ட் சரிந்து விழும், பிரிட்ஜும் கையோடு வரும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்கு ஏற்றிய பிறகுதான் அடுத்தது.

12. ஏற்றிக்கொண்டு வருவது. சென்னையிலிருந்து குட்டி யானை வண்டியில் போட்டுக்கொண்டு வருவது எளிது, ஆனால் கயிறு போட்டுக் கட்டும்போது கழுத்தில் கட்டிவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். அடியில் பழைய மெத்தையைப் போட்டு, பேஸை விலாப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பிரிட்ஜ் எதிலும் முட்டக் கூடாது, எண்ட் பின் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். சின்ன காரிலும் போகும். பின் சீட்டை மடக்கி, முன் சீட்டைச் சாய்த்து, கழுத்தை முன்பக்கம் நீட்டிவிடுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாத்தியங்களுக்குப் போடும் வச்சிரப் பசை சூட்டில் இளகும், ஒட்டு விட்டுப்போகும்.

வாராவாரம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் இதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். அவசியமே இல்லை. வகுப்பில் அவர்களுடைய பேஸ், வீட்டில் உங்களுடையது. பிள்ளை கையில் வில்லும் நோட்டும் போதும். இதனால்தான் வீட்டு பேஸ் சாதாரண ப்ளைவுட்டாக இருந்தால் போதும் என்கிறேன்.

13. வீட்டில் வைக்கும் இடம். சமையலறைச் சுவர், ஜன்னல் வெயில், ஏசி காற்று நேராக விழும் இடம் மூன்றும் ஆகாது. இரவில் மட்டும் ஏசி ஓடி பகலில் புழுங்கும் அறையைவிட, ஏசியே இல்லாத அறை நல்லது. மாறாத ஈரத்தைவிட, ஏறி இறங்கும் ஈரம்தான் மரத்தை அறுக்கும். சுவரில் சாய்த்து வைத்தால் டைல்ஸ் தரையில் வழுக்கி விழும். இரண்டு சுவர் சேரும் மூலையில் பிரிட்ஜ் உள்பக்கம் பார்க்க நிறுத்துங்கள், அல்லது பாயில் விலாப் பக்கமாகப் படுக்க வையுங்கள். உயரம் குறைந்த கூரை வீட்டில் ஃபேனைக் கவனியுங்கள். பேஸைத் தூக்கும்போது தலைப்பக்கம் ஃபேன் இறக்கைக்குள் போய்விடும். தூக்குமுன் ஃபேனை அணைக்கும் பழக்கம் வரட்டும்.

14. சிப்காட் குடியிருப்புகளில் இதை மறக்கக் கூடாது: பக்கத்து வீட்டில் யாராவது நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். பேஸின் அடி நாதம் சுவரையும் தரையையும் பிடித்துக்கொண்டு போகும், கதவைச் சாத்தினாலும் நிற்காது. எண்ட் பின்னுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள், அது வழுக்கலுக்கும் மருந்து. சத்தத்தைக் குறைக்க பிரிட்ஜில் மாட்டும் ரப்பர் மியூட் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வாங்கி வந்த அன்றே அக்கம்பக்கத்தில் போய், "அண்ணே, பாப்பா வாசிக்கப் பழகுது, உங்க ஷிஃப்ட் எப்போ சொல்லுங்க, அதுக்குத் தக்க வாசிக்கச் சொல்றேன்" என்று கேட்டுவிடுங்கள். கேட்ட வீட்டில் சண்டை வராது.

15. ஒட்டு விட்டால் ஃபெவிகால், ஃபெவிக்விக், வீட்டுத் தச்சர் மூன்றும் வேண்டாம். வாத்தியப் பசை வேண்டும்போது திறக்கக்கூடிய பசை. ஃபெவிகால் போட்ட ஒட்டைப் பிறகு திறக்கப் போனால் பலகைதான் பெயரும். வயலின், செல்லோ பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

16. தினசரிப் பராமரிப்பு சுலபம். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கையும் பலகை மேல் படிந்த வெள்ளைத் தூளையும் துடைக்க வேண்டும். லாரிப் புழுதி அதிகமான தெருவென்றால் உறையைப் போட்டே வையுங்கள். தேங்காய் எண்ணெய், பாலிஷ், ஸ்பிரிட் எதுவும் தொடக் கூடாது. பாச்சை உருண்டையை வார்னிஷ் மேல் படும்படி போடாதீர்கள்.

17. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிசா?" என்று உறவினர் கேட்பார்கள். பேஸின் எடை ஏறக்குறைய 10 கிலோ. வாசிக்கும்போது அதை எண்ட் பின் தரையில் தாங்குகிறது, பிள்ளை தாங்குவதில்லை. உயரமான ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தும் வாசிக்கலாம். ஏழைக் குடும்பத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. வெனிசுலாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா சொல்லித்தர 1975-ல் தொடங்கிய 'எல் சிஸ்தமா'வில், காரகாஸ் நகரத்து எடிக்சன் ருயிஸ் பதினோரு வயதில் டபுள் பேஸைத் தொட்டார். பதினேழு வயதில் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் இடம் பிடித்தார்.

18. பிள்ளை வளர்ந்து முக்கால் சைஸுக்குப் போனதும், சின்ன பேஸைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். அரை சைஸும் கால் சைஸும் நம் பக்கத்தில் கிடைப்பதே அரிது. முதலில் மாஸ்டரிடம் சொல்லுங்கள். அடுத்த வருஷம் சேரும் பிள்ளைக்கு நியாயமான விலைக்குக் கொடுங்கள், முடிந்தால் வாடகைக்காவது விடுங்கள்.